பலூனில் பறந்தும் நழுவிய கிரகணம்: யார் இந்த ஜான்சென்?

1870 டிசம்பர். பிரஷ்யப் படை பாரீஸைச் சுற்றி வளைத்திருந்தது. தரை வழியாக வெளியேற வழியில்லை. ஆனால் 22-ம் தேதி அல்ஜீரியாவில் முழு சூரிய கிரகணம். அதை விட வானியலாளர் பியர் ஜான்செனுக்கு மனசில்லை. கருவிகளைப் பிரித்து மூட்டை கட்டினார். 2-ம் தேதி அதிகாலை 'வோல்டா' என்ற பலூனில் ஏறி, முற்றுகைப் படையின் தலைக்கு மேலே பறந்துவிட்டார். சின்ன வயது விபத்தில் கால் ஊனமான மனிதர் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்க!

பிரான்ஸின் மேற்குக் கரையருகே இறங்கி, எப்படியோ ஓரான் நகருக்குப் போய்ச் சேர்ந்தார். கிரகண நாளில் அங்கே ஒரே மேகம். ஒன்றும் தெரியவில்லை.

இந்தப் பிடிவாதத்தின் பின்னணியில் இருப்பது நம்ம பக்கத்துக் குண்டூர். 1868 ஆகஸ்ட் 18-ல் அங்கே கிரகணம் பார்த்தபோது, சூரிய விளிம்புப் பிழம்புகளின் நிறமாலைக் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. கிரகணம் இல்லாமலே இவற்றைப் பார்க்கலாமே என்று தோன்றியது, மறுநாளே பார்த்தும்விட்டார். ஹீலியத்தையே கண்டுபிடித்தார் என்பதெல்லாம் கொஞ்சம் மிகை. ஆனால் கரோனா என்ற மங்கலான வெளி ஒளிவட்டத்திடம் இந்த வித்தை பலிக்கவில்லை. அதற்கு அன்று முழு கிரகணமே தேவைப்பட்டது.

எனவே ஓரானில் ஏமாந்தவர், அடுத்த ஆண்டே மறுபடி கப்பலேறினார். இம்முறை நீலகிரி, ஊட்டி பக்கத்துச் சோலூர். 1871 டிசம்பர் 12 காலை வானம் கைவிடவில்லை. கரோனாவின் ஒளியிலும் சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடு தென்பட்டது. சூரியனின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பொருள் அங்கே இருக்கிறது என்று முடிவுக்கு வந்தார்.

1883-ல் மறுபடி ஒரு கிரகணம். பசிபிக் நடுவே கரோலின் தீவு. 59 வயதில் அங்கேயும் போனார்.