ஜூடா ஃபோக்மேன்: புற்றுக்கட்டியின் இரத்த நாளங்களை ஆராய்ந்தவர்

சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டங்களில், நீர் எட்டாத இடத்தில் கொடி செழிப்பதில்லை. புற்றுக்கட்டியும் இரத்தம் எட்டாமல் வளர இயலாது. இதனை மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மேன்.

ஆய்வும் எதிர்ப்பும்

1933-ஆம் ஆண்டு கிளீவ்லாந்து நகரில் யூத மதகுருவின் மகனாகப் பிறந்த இவர், 1957-இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1960-களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில், உடலிலிருந்து பிரித்தெடுத்து உயிருடன் பேணப்பட்ட தைராய்டு சுரப்பியில் புற்றுச்செல்களைச் செலுத்தினார். கட்டிகள் ஓரிரு மில்லிமீட்டர் அளவுடன் நின்றுவிட்டன. அவற்றையே சுண்டெலியின் உடலில் பொருத்தியபோது பெரிதாக வளர்ந்தன. சுண்டெலியின் உடலில் புதிய இரத்த நாளங்கள் கட்டியை வந்தடைந்ததே இவ்வேறுபாட்டுக்குக் காரணம்.

பின்னர் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை அறுவை மருத்துவரானார். கட்டியே ஒரு பொருளைச் சுரந்து, அருகிலுள்ள நாளங்களைத் தன்னை நோக்கிக் கிளைக்கச் செய்கிறது என 1971-இல் எழுதினார். பல ஆண்டுகள் பலரும் இதனை ஏற்கவில்லை. வி.இ.ஜி.எஃப். என்னும் புரதம் பின்னர் கண்டறியப்பட்டு, அவர் கருத்து உறுதிப்பட்டது. அப்புரதத்தைத் தடுக்கும் மருந்து, பெருங்குடல் புற்றுநோய்க்கு 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கருத்தரங்கு ஒன்றுக்குப் பயணம் செய்கையில், 2008 ஜனவரி 14 அன்று காலமானார்.

புராஸ்டேட் நோயாளிகள் அறியவேண்டியது

புராஸ்டேட் புற்றுச்செல்களும் வி.இ.ஜி.எஃப். சுரக்கின்றன. ஆண் ஹார்மோன் அச்சுரப்பைத் தூண்டுகிறது. ஆகவே, ஹார்மோனைக் குறைக்கும் ஊசியோ விரை அகற்றும் அறுவை சிகிச்சையோ புற்றுச்செல்களை நேரடியாகப் பாதிப்பதுடன், கட்டிக்குச் செல்லும் நாளங்களையும் குறைக்கக்கூடும்.

எனினும், நாள வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைக் கீமோதெரபியுடன் சேர்த்து அளித்த பெரிய ஆய்வில் புராஸ்டேட் நோயாளிகளின் ஆயுள் நீளவில்லை, பக்கவிளைவுகளே கூடின. எனவே அது இந்நோய்க்கு வழக்கமான சிகிச்சை அன்று.

புற்றுநோய்க்குச் செல்லும் இரத்தத்தை நிறுத்திவிடும் என விற்கப்படும் பொடிகளையோ லேகியங்களையோ நம்பி, ஹார்மோன் ஊசியை நிறுத்தவேண்டா. தவணை தவறினால் ஹார்மோன் மீண்டும் உயரும். அடங்கியிருந்த கட்டி மறுபடியும் வளரலாம். ஊசி போடவேண்டிய நாளைப் பராமரிப்பவர் குறித்துவைத்து, நோயாளியை அழைத்துவருதல் நன்று. வேறெந்த மருந்தை உட்கொள்ளும் முன்பும் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேட்டறிக.