உப்புப் பொட்டலம் விற்ற கமலாதேவி

மெஸ் சாம்பார்ல உப்பு கம்மியா இருந்தா என்ன பண்ணுவீங்க? உப்பு டப்பாவை இழுத்து ஒரு சிட்டிகை போட்டுட்டு சாப்பாட்டைத் தொடருவீங்க. அந்த உப்பை யார் எடுத்தாங்க, யார் வித்தாங்கன்னு நாம யாரும் யோசிச்சதே இல்லை. ஆனா இதே உப்பைப் பொட்டலமாக் கட்டி, லைசென்ஸ் இல்லாம காசுக்கு வித்ததுக்காக ஒரு பெண் ஜெயிலுக்குப் போனாங்க. அவங்க பெயர் கமலாதேவி சட்டோபாத்யாய். 2018 ஏப்ரல் 3 அன்று கூகுள் டூடுலில் அவங்க படத்தை நீங்க பார்த்திருக்கலாம்.

கமலாதேவி பிறந்தது 1903-ல், மங்களூரில். அப்போ அது மெட்ராஸ் மாகாணத்தின் ஒரு பகுதி. அப்பா ஆங்கிலேய அரசில் கலெக்டர், வசதியான வீடு. கமலாதேவிக்கு ஏழு வயசு இருக்கும்போது அப்பா இறந்துபோனார். உயில் எழுதி வைக்கவில்லை. சொத்து முழுவதும் அப்பாவின் முதல் மனைவியின் மகனுக்குப் போனது. அம்மா கிரிஜாபாய்க்கு மாசாமாசம் கொஞ்சம் பணம் தருவதாகச் சொன்னார்கள். அவர் அதை வேண்டாம் என்று மறுத்துவிட்டு, தன்னிடம் இருந்த சீதனத்தை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். பணம் அடுத்தவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சிறுமி வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டாள்.

14 வயதில் கல்யாணம். இரண்டே வருஷத்தில் கணவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு விதவைப் பெண்ணின் கதை வழக்கமாக அங்கேயே முடிந்துவிடும். இவர் சென்னைக்கு வந்து ராணி மேரி கல்லூரியில் படித்தார். அங்கே சரோஜினி நாயுடுவின் தம்பி, கவிஞர் ஹரீந்திரநாத் சட்டோபாத்யாயின் அறிமுகம் கிடைத்தது. ஊர் முணுமுணுத்ததைப் பொருட்படுத்தாமல் அவரையே மணந்துகொண்டார். பிறகு லண்டனில் படிப்பு, நாடகம், காங்கிரஸ் வேலை. 1926-ல் மெட்ராஸ் சட்டசபைக்குப் போட்டியிட்டு மிகக் குறைந்த வாக்குகளில் தோற்றார். இந்தியாவில் சட்டசபைத் தேர்தலில் நின்ற முதல் பெண் அவர்தான்.

இப்போ உப்புக்கு வருவோம். 1882-ன் உப்புச் சட்டப்படி உப்பு எடுப்பதும் விற்பதும் அரசின் கையில் இருந்தது. கடல் உங்க வீட்டு வாசலிலேயே இருந்தாலும், அனுமதி இல்லாமல் ஒரு கைப்பிடி உப்பு எடுத்தால் குற்றம். 1930-ல் ஒரு மணங்கு உப்புக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, வரி 1 ரூபாய் 4 அணா. எக்னாமிக்ஸ் எலக்டிவ் எடுத்தவங்களுக்கு இது உடனே புரியும். விலை ஏறுதுன்னு யாரும் உப்பைக் குறைச்சுக்க முடியாது. ஜமீன்தார் சாப்பிடுற உப்பும் கூலிக்காரர் சாப்பிடுற உப்பும் ஏறக்குறைய ஒரே அளவுதான். அதனால வருமானம் குறைஞ்சவங்க மேலதான் இந்த வரி ரொம்ப அழுத்தியது.

காந்தி தண்டிக்கு நடந்தபோது உடன் அழைத்துச் சென்றவர்கள் எல்லோரும் ஆண்கள். கமலாதேவிக்கு அது சரியாகப் படவில்லை. நேரில் போய் வாதாடினார். வீட்டில் உப்பைக் கையாளுவது பெண்கள், போராட்டத்தில் மட்டும் அவர்களுக்கு இடம் இல்லையா என்பது அவர் கேள்வி. பெண்களும் உப்புச் சட்டத்தை மீறலாம் என்ற சம்மதத்தோடு திரும்பினார். பம்பாயில் முதலில் களமிறங்கிய சிறு குழுவில் அவரும் அவந்திகாபாய் கோகலேயும் மட்டும்தான் பெண்கள்.

கடற்கரையில் அடுப்பு மூட்டி, கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுத்தார்கள். போலீஸ் வந்து அடுப்பைக் கலைப்பார்கள், இவர்கள் மறுபடி மூட்டுவார்கள். எடுத்த உப்பைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தெருவில் விற்றார்கள். கமலாதேவி ஒருபடி மேலே போய், பம்பாய் பங்குச் சந்தைக்குள்ளேயே பொட்டலங்களோடு நுழைந்துவிட்டார். பங்குகள் கைமாறும் இடத்தில் சுதந்திர உப்பு என்று சொல்லி அதைக் கூவி விற்றார்.

இதில் விற்பனைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்னு கேட்கிறீங்களா? வீட்டுக்குள்ள உப்பு காய்ச்சினால் சட்டத்தை மீறுபவர் ஒருத்தர்தான். அதையே காசுக்கு வித்தால், வாங்குபவரும் சேர்ந்து மீறுகிறார். ரசீது இல்லை, முத்திரை இல்லை, வரி இல்லை. கையில் காசு, கையில் உப்பு, அவ்ளோதான். ஜெயிலுக்குப் போகத் துணிச்சல் இல்லாதவர்கூட நாலணா கொடுத்து அந்தப் பக்கம் நிற்க முடிந்தது. தண்டியில் காந்தி எடுத்த உப்பு ஏலத்தில் 1,600 ரூபாய்க்குப் போனது. அந்த விலை உப்புக்கு இல்லைன்னு வாங்கியவருக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும்.

கமலாதேவி கைதானார். கோர்ட்டில் நீதிபதியிடமே உப்பு வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டதாகச் சொல்வார்கள். கிட்டத்தட்ட ஒரு வருஷம் சிறை. 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் வந்தது. உப்பு விளையும் இடங்களை ஒட்டிய கிராமத்தார் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுக்கலாம், அந்தக் கிராமத்துக்குள் விற்கவும் செய்யலாம், ஆனால் வெளியூருக்கு விற்கக் கூடாது என்று அதில் ஒரு சலுகை இருந்தது. சட்டமும் வரியும் அப்படியேதான் இருந்தன. வரி போனது 1947-ல்தான். இருந்தாலும் ஊருக்குள் நடக்கும் ஒரு சின்ன ரொக்க வியாபாரத்துக்கு அந்தப் பேரரசு வழிவிட வேண்டி வந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி ஆரம்பிக்கிறது. பிரிவினையில் டெல்லிக்கு வந்து குவிந்த அகதிகளைக் கூட்டுறவு முறையில் குடியமர்த்த நினைத்தார் கமலாதேவி. காந்தி சம்மதித்தார், ஆனால் அரசிடம் உதவி கேட்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். 1948-ல் இந்தியக் கூட்டுறவு ஒன்றியம் பிறந்தது. டெல்லிக்குப் பக்கத்தில் சத்தர்பூரில் அகதிகள் கூட்டாக விவசாயம் செய்தார்கள். வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்தவர்கள் ஃபரீதாபாத் என்ற புதிய ஊரில் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டினார்கள்.

அடுத்து கைவினைஞர்கள். தெருவில் காசுக்கு விற்பது மட்டுமே சுதந்திரம் என்றால், அவர்கள் ஏற்கெனவே சுதந்திரமானவர்கள். அரசு அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆனால் நிலைமை வேறு. நூலுக்கும் மரத்துக்கும் தரகரிடம் முன்பணம் வாங்குவார்கள், அதனால் விலையையும் தரகரே வைப்பார். காசு கைக்கு வந்த அன்றே கடனுக்குப் போய்விடும். லைசென்ஸ் கேட்கும் அதிகாரி இல்லாத இடத்தில் தரகர்தான் ராஜா. அதனால்தான் கூட்டுறவுச் சங்கம், நகரத்தில் நேரடி விற்பனைக் கடை என்று அலைந்தார்.

அதற்குப் பணம் எங்கிருந்து வரும்? 1952-ல் அரசு அமைத்த அகில இந்தியக் கைவினை வாரியத்துக்கு அவரே தலைவரானார். கிட்டத்தட்ட 20 வருஷம் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒரு காலத்தில் அரசின் உப்பை மறுத்தவர், இப்போ அரசின் நிதியில் வேலை செய்தார். இது முரண்பாடுதான், மறைக்க வேண்டியதில்லை. டெல்லியில் அவரது ஒன்றியம் நடத்திய குடிசைத் தொழில் எம்போரியம் பிற்பாடு அரசு நிறுவனமாகவே ஆகிவிட்டது. ஃபரீதாபாத்தின் கூட்டுறவு முயற்சிகளும் அதிகாரிகளின் பிடியில் தேய்ந்துபோயின. 1964-ல் அரசுக்கு வெளியே இந்தியக் கைவினைக் கவுன்சிலைத் தொடங்கினார். அதன் தலைமையகம் நம்ம சென்னையில்தான் இருக்கிறது. 1966-ல் மகசேசே விருது, 1987-ல் பத்ம விபூஷண். 1988 அக்டோபர் 29 அன்று காலமானார்.

நம்ம காலேஜ் கேட் எதிர்ல சுண்டல் விக்கிற அக்காவை எடுத்துக்கோங்க. அவங்ககிட்ட ரசீதும் கிடையாது, மேனேஜரும் கிடையாது. சுதந்திரமான வியாபாரம்னு நாம நினைப்போம். காலையில் சரக்கு வாங்க வட்டிக்குக் கொடுத்தது யார், விலையை முடிவு பண்றது யார், நாளைக்கு இடத்தைக் காலி பண்ணச் சொன்னா கூட நிற்க யார் இருக்காங்க? கமலாதேவி உப்பு விற்றபோது அவர் பின்னால் ஒரு தேசமே நின்றது. அடுத்த 40 வருஷம் அவர் பாடுபட்டது, நெசவாளிக்கும் தச்சருக்கும் அப்படிப் பின்னால் நிற்க நாலு பேரையாவது சேர்த்து வைக்கத்தான்.

அடுத்த தடவை சுண்டல் வாங்கும்போது அக்காகிட்ட ரெண்டு நிமிஷம் பேசிப் பாருங்க.