வகுக்காமலே கண்டுபிடிச்ச வாத்தியார்

டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் ரிகர்ஷன் வந்தாலே ‘டவர் ஆஃப் ஹனோய்’ புரோகிராமும் வந்துடும். மூணு கம்பி, சில வட்டுகள். எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீங்க. 1883-ல் அந்தப் புதிரை வெளியிட்டவர் யார்னு தெரியுமா? எதுவார் லூகாஸ்.

1842-ல் பிரான்ஸின் அமியான் நகரில் பிறந்தவர். பாரிஸ் வானாய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1870-ல் பிரஷ்யாவோடு போர் மூண்டதும் பீரங்கிப் படைக்குப் போனார். திரும்பி வந்து பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் ஆனார்.

2-ன் அடுக்கில் 1-ஐக் கழித்தால் வரும் எண்கள் மேல் அவருக்குத் தீராத ஆசை. இவற்றில் 257-ஆம் அடுக்கு வரை எவை பகா எண்கள் என்று 1644-லேயே மெர்சென் என்ற துறவி ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். ஆனால் நிரூபணம் இல்லை. 67, 127 இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன.

127-ஆம் அடுக்கை எடுத்துக்குங்க:

170141183460469231731687303715884105727

மொத்தம் 39 இலக்கம். ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்கணும்னா 13-க்குப் பின்னால் 18 சைபர் போட்ட எண் வரைக்கும் போகணும். கம்ப்யூட்டரும் கிடையாது, கால்குலேட்டரும் கிடையாது.

லூகாஸ் அந்த வழிக்கே போகலை. 3-ல் தொடங்கு. வர்க்கம் எடு, 2-ஐக் கழி, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வை. திரும்பவும் அதே. 7-ஆம் அடுக்குக்கு, அதாவது 127 என்ற எண்ணுக்கு, நீங்களே போட்டுப் பாருங்க: 3, 7, 47, 48, 16, 0. ஐந்தாவது தடவையில் பூஜ்யம் வந்துடுச்சு, அப்போ 127 பகா எண். அந்த 39 இலக்க எண்ணுக்கு இதையே 125 தடவை செய்யணும். 1876-ல் அது பகா எண் என்று அறிவித்தார். அதைவிடப் பெரிய பகா எண் கிடைக்க 1951 வரை, 75 வருஷம் ஆனது.

67-ஆம் அடுக்கு பகா எண் இல்லை என்றும் அவரே காட்டினார். மெர்சென் சொன்னது தப்பு! ஆனால் எந்த எண்ணால் வகுபடும்னு அவருக்கே தெரியாது. அந்தக் காரணிகளை 1903-ல் கண்டுபிடித்துச் சொன்னவர் கோல்: 193707721, 761838257287.

அதைப் பார்க்க லூகாஸ் இல்லை. 1891-ல் ஒரு விருந்தில் பரிமாறுபவர் கை தவறித் தட்டு உடைந்தது. தெறித்த துண்டு லூகாஸின் கன்னத்தைக் கிழித்தது. காயத்தில் தொற்று ஏறி, சில நாளில் இறந்துபோனார். வயது 49.

1930-களில் லேமர் அந்த முறையைச் செப்பனிட்டார். 2024-ல் கிடைத்த நாலு கோடி இலக்கப் பகா எண்ணை உறுதி செய்ததும் அந்த லூகாஸ்-லேமர் சோதனைதான்.

இன்னொண்ணு. 128 பிட் குறியுள்ள முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு, லூகாஸின் அதே 39 இலக்க எண்தான். டவர் ஆஃப் ஹனோயில் 127 வட்டு வைத்தால், குறைந்தபட்ச நகர்த்தல்களும் அத்தனையே. அடுத்த லேப்பில் அவருடைய சோதனையையும் கோட் பண்ணிப் பாருங்க, பத்து வரி கூட வராது.