63 வயதில் முதல் மேடை... பிரேசிலின் கறுப்பின இசைக்கு முகமான வீட்டுப் பணிப்பெண்! யார் இந்த கிளெமென்டினா?

பிரேசில்னு சொன்னதும் கால்பந்தும் சம்பாவும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்த சம்பாவோட ஆப்பிரிக்க வேர்களை பிரேசில்காரர்களுக்கே எடுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் கிளெமென்டினா டி ஜெசுஸ். 20 வருஷத்துக்கும் மேல் அடுத்தவர் வீட்டில் வேலை பார்த்தவர் இவர்.

அடிமைகளின் பேத்தி

1901-ல் ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் வாலென்சா ஊரில் கிளெமென்டினா பிறந்தார். காபித் தோட்டங்கள் நிறைந்த பகுதி அது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அவர்களின் வாரிசுகளும். பிரேசிலுக்கு இப்படி வந்து இறங்கியவர்கள் மட்டும் சுமார் 48 லட்சம் பேர்!

அமெரிக்கக் கண்டங்களிலேயே கடைசியாக, 1888-ல்தான் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது. கிளெமென்டினா பிறந்தது அதற்கு 13 வருஷம் கழித்து. அவருடைய தாத்தா, பாட்டி அடிமைகளாக வாழ்ந்தவர்கள்.

அவங்ககிட்ட சொத்து எதுவும் இல்லை. பாட்டு இருந்தது. ஜோங்கோ எனப்படும் முரசுப் பாடல்கள், வேலைப் பாடல்கள், சாமி பாடல்கள். அம்மா பாடப் பாடக் கேட்டே கிளெமென்டினா கற்றுக்கொண்டார். எதுவும் எழுதி வைக்கப்பட்டதில்லை.

திருவிழாவில் கேட்ட குரல்

சின்ன வயதிலேயே குடும்பம் ரியோ நகரத்துக்கு வந்துவிட்டது. சம்பா கூட்டங்களில் கிளெமென்டினா பாடுவார். ஆனா பிழைப்புக்கு வீட்டு வேலைதான்.

1963-ல் ரியோவின் குளோரியா பகுதியில், மாதா திருவிழா சமயத்தில் அவர் பாடியதைக் கவிஞர் எர்மினியோ பெல்லோ டி கார்வால்யோ கேட்டார். அப்போ ஊரெல்லாம் போசா நோவா மோகம். மென்மையா, கிசுகிசுப்பது போலப் பாடுவதுதான் ஃபேஷன். கிளெமென்டினாவின் குரலோ கனமானது, கரகரப்பானது. அந்தக் கரகரப்பில்தான் ஆப்பிரிக்கா இருக்குன்னு எர்மினியோவுக்குப் புரிந்தது.

1964-ல், 63 வயதில், முதல்முறையாக ஒரு நாடக அரங்க மேடையில் ஏறினார் கிளெமென்டினா. அடுத்த வருஷமே 'ரோசா டி ஓரோ' என்ற இசை நிகழ்ச்சி அவரைப் பிரபலமாக்கியது. 1966-ல் தனி ஆல்பம் வெளியானது. அதே வருஷம், செனகல் தலைநகர் டாக்கரில் நடந்த உலகக் கறுப்பினக் கலை விழாவில் பிரேசில் சார்பாகப் பாடினார். அடிமைகளின் பேத்தி, ஒரு நாட்டின் கலைஞராக ஆப்பிரிக்க மண்ணில் நின்றார்.

ஏன் இவ்வளவு முக்கியம்?

கறுப்பின மக்களின் பாட்டும் முரசும் பிரேசிலில் ரொம்ப காலம் இழிவாகவே பார்க்கப்பட்டன. போலீஸ் தொல்லையும் இருந்தது. பின்னாளில் சம்பா தேசிய இசையானது. ஆனா வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் ஏற்ற மாதிரி அதற்கு மெருகு ஏற ஏற, பழைய ஆப்பிரிக்கச் சொற்களும் தாளங்களும் பின்னுக்குப் போயின. கிளெமென்டினா அவற்றை மாற்றாமல், மறைக்காமல் அப்படியே பாடினார்.

1982-ல் வந்த 'அடிமைகளின் பாடல்' ஆல்பம் இதற்கு நல்ல உதாரணம். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் வைரச் சுரங்கப் பகுதியில் அடிமைகள் பாடிய 14 பாடல்கள் அதில் உள்ளன. ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிச் சொற்கள் கலந்த பாடல்கள் அவை. இன்னும் இரண்டு பாடகர்களோடு சேர்ந்து கிளெமென்டினா பாடியபோது அவருக்கு வயது 80-ஐத் தாண்டியிருந்தது.

புகழ் வந்த அளவுக்குப் பணம் வரலை. கடைசிவரை எளிமையாகவே வாழ்ந்து, 1987-ல் 86 வயதில் ரியோவில் காலமானார். ஆனா அம்மாவிடம் காதால் கேட்டுக் கற்ற பாட்டுகள் அவரோடு போய்விடவில்லை. அவர் குரலிலேயே பதிவாகி இருக்கின்றன.