ராபர்ட் மோக்

ராபர்ட் ஆர்தர் மோக் (மே 23, 1934 – ஆகஸ்ட் 21, 2005) ஓர் அமெரிக்கப் பொறியாளர். மோக் சிந்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியை உருவாக்கியவர்.

இளமை

நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை மின்பொறியாளர். வீட்டுப் பட்டறையில் தந்தையுடன் கருவிகள் செய்து பழகிய மோக், பதின்ம வயதில் இதழொன்றில் வெளிவந்த வரைபடத்தைக் கொண்டு தெரமின் ஒன்றைச் செய்தார். தெரமின் என்பது தொடாமலேயே, இரு அலைவாங்கிகளின் அருகே கைகளை அசைத்து இசைக்கப்படும் கருவியாகும்.

தெரமின் தொகுதிகள்

1954 இல் தந்தையுடன் இணைந்து தெரமின் விற்பனை நிறுவனத்தைத் தொடங்கினார். 1961 இல் டிரான்சிஸ்டர் தெரமின் குறித்து இதழொன்றில் கட்டுரை எழுதி, வாங்குவோர் தாமே பற்றவைத்துப் பொருத்திக்கொள்ளும் உதிரிப்பாகத் தொகுதியை ஏறக்குறைய 50 டாலருக்கு விற்றார். சுமார் 1,000 தொகுதிகள் விற்பனையாயின. அப்போது அவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்.

சிந்தசைசர்

1964 இல் இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து சிந்தசைசரை உருவாக்கினார். இதில் மின்னழுத்தம் ஒரு வோல்ட் உயர்ந்தால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும். வெண்டி கார்லோஸ் 1968 இல் வெளியிட்ட பாக் இசைத்தட்டு இக்கருவியைப் புகழ்பெறச் செய்தது. எடுத்துச்செல்லத்தக்க மினிமோக் 1970 இல் வெளிவந்தது.

பெயரிழப்பும் மீட்பும்

1970களின் தொடக்கத்தில் நிறுவனம் கடன்சுமையால் கைமாறியது. 1977 இல் மோக் அதிலிருந்து விலகினார். தம் பெயரிலேயே கருவிகளை விற்கும் உரிமை அவருக்கு இல்லாது போயிற்று. 1978 இல் வட கரோலினாவில் பிக் பிரையர் என்னும் நிறுவனத்தை நிறுவினார். 1990களில் மீண்டும் தெரமின் தொகுதிகளை விற்றார். 1998 இல் மோகர்ஃபூகர் என்னும் ஒலிமாற்றுப் பெடல்களை அறிமுகப்படுத்தினார். 2002 இல் பெயருரிமையை மீட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் மூளைக்கட்டியால் ஆஷ்வில் நகரில் காலமானார்.