ஆற்று மீன்களுக்காக வாதாடியவர்

சால்மன் மீனைத் தெரியுமா? கடலில் வளரும். ஆனால் முட்டையிட, தான் பிறந்த ஆற்றைத் தேடித் திரும்பி வரும்! கனடா நாட்டு மிரமிச்சி ஆறு இந்த மீனுக்குப் பெயர் பெற்றது.

1954ஆம் ஆண்டு ஜூன் மாதம். அங்குள்ள காட்டு மரங்களின் இலைகளைத் தின்ற புழுக்களைக் கொல்ல, விமானத்திலிருந்து டி.டி.டி. மருந்தைத் தெளித்தார்கள். மருந்து மரத்தோடு நின்றதா? ஓடைகளிலும் விழுந்தது. இரண்டே நாளில் மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. நீர்ப்பூச்சிகளும் அழிந்தன. அவைதானே சால்மன் குஞ்சுகளுக்கு இரை! அந்த ஓடைகளில் அவ்வாண்டு பொரித்த குஞ்சுகள் அநேகமாக மிஞ்சவேயில்லை. ஆராய்ச்சியாளர்கள் 1950 முதலே மீன்களை எண்ணி வந்ததால்தான் இந்த இழப்பு தெரிந்தது.

இந்தக் கணக்கை ஊரறியச் செய்தவர் ரேச்சல் கார்சன் அம்மையார். 1907இல் அமெரிக்காவில், அலெகெனி ஆற்றை ஒட்டிய ஸ்பிரிங்டேல் ஊரில் பிறந்தவர். விலங்கியல் படித்து, அரசு மீன்வளத் துறையில் பணியாற்றினார். 1962இல் அவர் எழுதிய 'மௌன வசந்தம்' நூலில் ஆறுகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. எழுதும்போதே அவருக்குப் புற்றுநோய்!

மருந்து நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. மருந்தே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கண்மூடித்தனமாகத் தெளிப்பதைத்தான் எதிர்த்தார். (இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) 1963இல் அமெரிக்க செனட் குழுவின் முன்பும் சென்று எடுத்துரைத்தார். அடுத்த ஆண்டே, 56 வயதில் காலமானார்.

1972இல் அமெரிக்க அரசு விவசாயத்தில் டி.டி.டி.யைத் தடை செய்தது.