சதுப்பு நிலத்தை நகரமாக்கிய கோல்மன் யார்?
லிட்டில் இந்தியா பக்கம் போனால் ரோச்சோர் கால்வாயைப் பார்த்திருப்பீங்க. மழைநீரைக் கடல் பக்கம் கொண்டுபோகும் வேலை சிங்கப்பூருக்குப் புதுசு இல்லை.

ஜார்ஜ் கோல்மன், அயர்லந்தில் பிறந்த கட்டடக் கலைஞர். 1833-இல் பொதுப்பணிக் கண்காணிப்பாளர் ஆனார். இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளை வைத்துச் சதுப்பு நிலங்களை வடியவைத்தார், கடலோரத்தைத் தூர்த்தார், நார்த் பிரிட்ஜ் ரோடு போட்டார். 1844-இல் காய்ச்சலில் இறந்தார்.

கோல்மன் ஸ்திரீட் அவர் பெயரைச் சொல்லுது. மண் வெட்டிய கைதிகளின் பெயர்களோ பெரும்பாலும் யார் நினைவிலும் இல்லை.

வெள்ளத் தடுப்பு ஒரே தலைமுறையில் முடியும் வேலையும் இல்லை. 1978 டிசம்பர் வெள்ளத்தில் 7 பேர் இறந்தாங்க. கனமழை பெய்தால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வெள்ள எச்சரிக்கையைப் பாருங்க. வடிகாலில் குப்பை போடாதீங்க. இப்போ அது உங்க பங்கு.